சித்திரம் ஒரு பாஸ்கட்டில், கணினி இன்னொரு பாஸ்கட்டில்



ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை உறவுகளுக்கு நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து பேசியதை இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். தரம் 9இல் பிள்ளை படிக்கும் பெற்றோர் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள். பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வரும் காலம் இது.

அந்தப் படிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு பாடங்கள் கட்டாயம். மிச்சம் மூன்றையும் மூன்று பாஸ்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இரண்டாவது பாஸ்கட்டில் சித்திரம், சங்கீதம், நடனம், இலக்கிய நயம் போன்றவை. மூன்றாவதில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயம், சுகாதாரம், மனையியல் போன்றவை. நம் வீடுகளில் இந்தத் தெரிவு பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. மூன்றாவதுக்கு ஐ.சி.ரி. இரண்டாவதுக்கு, "எதில லேசா ஏ வரும்?" கொப்பியின் பின்பக்கம் முழுக்கக் கீறி வைத்திருக்கும் பிள்ளையிடம்கூட "சித்திரம் படிச்சி என்னத்தக் கிழிக்கப்போறா?" என்று கேட்டு, வேறொன்றில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பிவிடுகிறோம்.

சட்டப்படி ஒரு பிள்ளை சித்திரத்தையும் ஐ.சி.ரி.யையும் சேர்த்தே எடுக்கலாம். இரண்டும் வேறு வேறு பாஸ்கட்டில் இருப்பதால் தடையில்லை. அப்படி எடுத்த பிள்ளைக்கும்கூட வகுப்பறையில் அந்த இரண்டும் ஒரு நாளும் சந்திப்பதில்லை என்பதுதான் எங்கள் கவலை. ஐ.சி.ரி. புத்தகத்தில் பல்லூடகம் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் வரைவிலக்கணமாக எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறோம். ஒரு படமும் உருவாவதில்லை. சித்திர ஆசிரியர் நீர்வர்ணத்தோடு நிற்கிறார். கணினி அறைச் சாவி அவர் கைக்குப் போவதில்லை. (அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பல பாடசாலைகளில் தனிக் கதை.) விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் கலத்தின் படத்தை வரைகிறார், பிள்ளை பார்த்துக் கீறுகிறது. மூன்று ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில் தேநீர் குடிக்கிறார்கள், ஒரே பிள்ளைக்குத்தான் படிப்பிக்கிறார்கள்.

டிஜிட்டல் கலை என்றதும் கல்யாணக் கார்ட், பிறந்தநாள் வாழ்த்து, தேர்தல் போஸ்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. அதைச் சொல்லவில்லை. ஓர் இயற்கை நிகழ்வை விளங்கிக்கொள்வதற்காக அதைப் படமாக, அசைவாக, ஒலியாகத் தன் கையாலேயே செய்து பார்ப்பதைச் சொல்கிறோம். உதாரணத்துக்கு ஒலுவிலை எடுப்போம்.

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரின் கரைக்கு நடந்தது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னந்தோப்புகள் கடலுக்குள் போயின. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நிந்தவூர்க் கரையும் அரிக்கப்பட்டது. மறுபக்கம் துறைமுக வாயிலை மணல் மூடி, படகுகள் உள்ளே வரமுடியாத நிலை. ஒரே கடல், ஒரு பக்கம் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, இன்னொரு பக்கம் வழித்துக்கொண்டு போகிறது. ஏன் என்று தரம் 10 பிள்ளை ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். "துறைமுகம் கட்டினதால" என்று சொல்லும். எப்படி என்று கேட்டால் நிற்கும். அதே பிள்ளை கரையோர மணல் நகர்வைப் புவியியலில் படித்து எழுதியிருக்கும்.

போன தவணையில் ஒரு சிறு குழுவோடு இதைச் செய்து பார்த்தோம். ஒரு பெரிய அலுமினியத் தட்டம், கடல் மண், தண்ணீர், அலை எழுப்ப ஓர் அடிமட்டம், துறைமுகச் சுவருக்கு இரண்டு கல். தட்டத்துக்கு மேலே மேசை விளிம்பில் புத்தகங்களை அடுக்கி, ஒரு போனைக் கவிழ்த்து வைத்தோம். அடிமட்டத்தைச் சற்றுச் சரிவாகப் பிடித்து அலை எழுப்ப வேண்டும். சில அலைக்கு ஒரு படம். நொடிக்கு 12 படம் என்று வைத்தால் பத்து நொடிப் படத்துக்கு 120 படங்கள் தேவை என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்தார்கள்.

படங்களைச் சேர்த்து ஓட்டியபோது விஷயம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அலை சரிவாக ஏறுகிறது, திரும்பும்போது நேராக இறங்குகிறது. ஒவ்வொரு மணலும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கரையோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிறது. நம் கரையில் அந்த நகர்வு மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே. குறுக்கே கல்லை வைத்ததும் தெற்குப் பக்கம் மணல் குவிகிறது. வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது, ஆனால் அங்கிருக்கும் மணலை அலை வழக்கம்போலக் கொண்டு போய்க்கொண்டே இருக்கும். வரவு நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் நடப்பதைப் போல. பிறகு கூகுள் எர்த்தில் ஒலுவிலின் பழைய ஆண்டுச் செய்மதிப் படங்களைத் திறந்து தட்டத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் விளக்கம் சொல்லத் தேவை வரவில்லை.

இதில் கவனித்த இன்னொரு விஷயம். முதல் முறை எடுத்த படம் துடித்துக்கொண்டே இருந்தது. மேகம் வந்து போனதால் வெளிச்சம் மாறிவிட்டது. யாரோ ஒரு பிள்ளையின் கை பட்டுப் போனும் அசைந்திருந்தது. அடுத்த முறை ஜன்னலை மூடி ஒரே மின்குமிழின் கீழ், அசையாமல் வைத்து எடுத்தார்கள். ஒரு பரிசோதனையில் ஒன்றை மாற்றும்போது மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானத்தில் எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருப்போம்! படம் அழகாக வரவேண்டும் என்ற ஆசை அதை ஒரு மணித்தியாலத்தில் படிப்பித்துவிட்டது.

அடுத்ததாகச் சுனாமியைச் செய்யலாம் என்று யோசிக்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். இப்போது உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களுக்கு அது பெரியவர்கள் சொல்லும் கதை. 4000 மீற்றர் ஆழக் கடலில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் போகும் அலை, 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீற்றருக்கும் குறைந்துவிடும். முன்பக்கம் வேகம் குறைய, பின்னால் வருவது வந்து சேரச் சேர உயரம் கூடுகிறது. ஆழத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வந்துவிடும், கணக்கு அவ்வளவுதான். சிறிய வகுப்பு ஐ.சி.ரி.யில் ஸ்க்ராச் படித்த பிள்ளைக்கு அந்தச் சமன்பாட்டைப் போட்டு ஓர் அலையை ஓடவிட முடியும். அந்த அலைக்கு எந்த நிறம் கொடுப்பது, ஊரை எப்படிக் கீறுவது, சத்தம் வைப்பதா மௌனமாக விடுவதா என்பதெல்லாம் சித்திர ஆசிரியர் இருந்தால்தான் சரியாக வரும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வெறும் அனிமேஷன் அல்ல.

இவ்வளவு பெரிய வேலை வேண்டாம் என்பவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஈர்க்கால் மிகச் சிறிய ஒரு துளி தண்ணீர் வையுங்கள். துளி உருப்பெருக்கியாகி உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். வெள்ளை அங்கே இல்லவே இல்லை. சித்திர வகுப்பில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சேற்று நிறம் வருகிறது, திரையில் அதே இரண்டையும் சேர்த்தால் மஞ்சள் வருகிறது. ஒன்று வர்ணம், மற்றது ஒளி. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், மூன்றையும் பெருக்கினால் 16,777,216 நிறங்கள். இந்த ஒரு துளிக்குள் சித்திரம், விஞ்ஞானம், கணிதம், ஐ.சி.ரி. நான்கும் இருக்கின்றன. இப்போது நான்கு பாடவேளைகளில் நான்கு ஆசிரியர்கள் இதன் நான்கு துண்டுகளைத் தனித்தனியாகப் படிப்பிக்கிறார்கள்.

இது எங்கேயோ வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். மருதமுனைக்குப் போய் ஒரு தறிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பாவு நூல் நெடுக்கே, ஊடை குறுக்கே. ஒவ்வொரு சந்திப்பிலும் எந்த நூல் மேலே வரும், எந்த நூல் கீழே போகும் என்பதுதான் சாறனின் கரையையும் சேலையின் பூவையும் தீர்மானிக்கிறது. மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூச்சியம். கணினியில் ஒரு படம் கட்டம் கட்டமாக இருப்பதும் இதே மாதிரித்தான். 1804இல் பிரான்சின் ஜக்கார்ட் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூ விழ வைத்தார். அந்த அட்டை யோசனையைத்தான் பின்னால் சார்ல்ஸ் பாபேஜ் தன் கணிப்பு இயந்திரத்துக்கு எடுத்தார். கணினியின் பாட்டனார் ஒரு தறி! மருதமுனையில் ஒரு டிசைனைக் கட்டத்தாளில் நிரப்பத் தெரிந்தவருக்கு பிக்சல் என்றால் என்ன என்று யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பிள்ளை பாடசாலையில் பிக்சலுக்கு வரைவிலக்கணம் பாடமாக்குகிறது. வாப்பாவின் தறி அந்த வகுப்பறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

காரைதீவு நமக்கு எவ்வளவு தூரம்? 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர், விஞ்ஞானப் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். அவரேதான் அழிந்துபோன யாழைச் சுரக்கணக்கோடு மீட்டெடுத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947இல் அது அரங்கேறியது. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கு தெரியாத ஒரு தமிழறிஞரால் அந்த நூலை எழுதியிருக்க முடியாது. தமிழ் தெரியாத ஒரு விஞ்ஞானப் பட்டதாரியாலும் முடியாது. அவரை இன்று தரம் 9இல் உட்கார வைத்தால் நாம் எந்தப் பாஸ்கட்டில் போடுவோம்?

சரி, எதிர்ப்புகளுக்கு வருவோம். நேரில் பேசும்போது நம்மவர்கள் முதலில் கேட்பது, உருவப்படம் வரைவது மார்க்கத்தில் கூடுமா என்பது. இதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. பல முஸ்லிம் பிள்ளைகள் சித்திரத்தை விடுவதற்கு வாய்விட்டுச் சொல்லாத காரணம் இதுதான். தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல, உங்கள் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்று: மேலே சொன்ன எதிலும் ஓர் உயிருள்ள உருவம் இல்லை. மணல், அலை, நிறம், நூல். உருவத்தைத் தவிர்த்தே நம் முன்னோர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஈரானின் இஸ்பஹானில் 1453இல் கட்டப்பட்ட தர்பே இமாம் கட்டடத்தின் சுவரில் சில வகை வடிவங்களை மட்டும் வைத்து ஒரு கோலம் அமைத்திருக்கிறார்கள். அது ஏறக்குறைய திரும்பத் திரும்ப வராத ஓர் அமைப்பு என்று 2007இல் பீற்றர் லூ, போல் ஸ்டைன்ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மேற்கில் அந்த வகைக் கணிதம் 1970களில்தான் பென்ரோஸ் மூலம் வந்தது. நம் பள்ளிவாசல் யன்னல் கம்பியைப் பார்த்துக் கணினியில் அப்படி ஒன்றை வரைய ஒரு பிள்ளைக்கு ஒரு பாகைமானியும் ஆசையும் போதும்.

கோலம் என்று எழுதியதும் ஆலையடிவேம்பு உறவுகள் சிரித்திருப்பீர்கள். அதுவும் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைக் கணினி மொழியின் இலக்கணமாக எழுத முடியும் என்று 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆலையடிவேம்புப் பிள்ளைகள் திருக்கோவில் வலயம், அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் அக்கரைப்பற்று வலயம். ஒரு வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, விளையாட்டுப் போட்டி தவிர வேறு எதற்கும் சந்திப்பதில்லை. ஒரு பக்கத்துப் பிள்ளை கோலத்தையும் மறுபக்கத்துப் பிள்ளை பள்ளிவாசல் கோலத்தையும் ஒரே கணினியில் வரைந்து பார்த்தால் இரண்டிலும் சமச்சீர் எங்கே இருக்கிறது என்று தாமாகவே கண்டுபிடிப்பார்கள். நல்லிணக்கக் கூட்டங்களுக்குச் செலவழிக்கும் தேநீர்க் காசு இதற்குப் போதும்.

அடுத்தது போன். "ஃப்ரீ ஃபயர் விளையாடுதுகள் என்று நாங்க அழுறம், நீங்க போனக் குடுக்கச் சொல்றீங்களா?" இல்லை. நான்கு பிள்ளைக்கு ஒரு போன், சிம் கழற்றியது, ஆசிரியர் முன்னிலையில், ஒரு மணித்தியாலம். ஒரு தடவை 120 படம் எடுத்துப் பார்த்த பிள்ளை, ரிக்ரொக்கில் ஓடுகிற ஒவ்வொன்றும் யாரோ வெட்டி ஒட்டியது என்று பார்க்கத் தொடங்கிவிடும். அது போனைப் பறிப்பதைவிடக் கூடிய பாதுகாப்பு.

"இப்ப ஏ.ஐ. எல்லாப் படமும் கீறுதே" என்று கேட்கிறவர்கள் ஒலுவில் கரையைக் கீறச் சொல்லிப் பார்க்கட்டும். அழகான கடற்கரை ஒன்று வரும். மணல் சரியான பக்கத்தில் குவிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, விஞ்ஞானமும் தெரிந்த, பார்க்கவும் பழகிய ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

கடைசியாக, எல்லோருக்கும் பெரியது, பெறுபேறும் தொழிலும். இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டு, 2015இல் முதல் பரீட்சை நடந்தது. அதில் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் கட்டாயம், பொறியியல் தொழினுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பம் இரண்டாவது. மூன்றாவதாக எடுக்கக்கூடிய பாடங்களின் பட்டியலில் ஐ.சி.ரி., விவசாயம், புவியியல் இவற்றோடு சித்திரமும் இருக்கிறது. ஆம், சித்திரம். தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்குச் சித்திரம் பொருந்தும் என்று அந்தப் பாடத்திட்டத்தை அமைத்தவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நம் பாடசாலைகளில் நேர அட்டவணை போடும்போது அந்தக் கட்டத்தில் ஐ.சி.ரி.யை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் ஒலுவிலில், பிள்ளைகள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே போகும் பிள்ளைக்கு ஒரு பொறியின் உட்பகுதியை வரைந்து காட்டத் தெரிந்திருந்தால் அது குறைவா?

வசதியில்லை என்றும் சொல்ல முடியாது. லாற்வியா நாட்டில் செய்த 'ஃப்ளோ' என்ற அனிமேஷன் படம் 2025இல் ஒஸ்கார் வாங்கியது. அது முழுக்க முழுக்க பிளென்டர் என்ற மென்பொருளில் செய்யப்பட்டது. பிளென்டர் இலவசம். யாரும் தரவிறக்கலாம், களவு சீடி தேவையில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயர்தரம் முடித்து, கம்பஸ் கிடைக்காமல், தூர இடத்துக்கு வேலைக்கு அனுப்ப வீட்டுக்கு விருப்பமில்லாமல் இருந்துவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகள் நம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். ஆண் பிள்ளைகள் கட்டார், சவூதி என்று போய்விடுகிறார்கள். பாடப்புத்தகத்துக்குப் படம் வரைவது, மருத்துவ விளக்கப்படம், பொருள் வடிவமைப்பு, கல்வி வீடியோ போன்றவற்றை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் வெறும் ஃபொட்டோஷொப் தெரிந்தவருக்கு அந்த வேலை கிடைக்காது. இதயத்தின் எந்த அறையிலிருந்து எந்தப் பக்கம் குருதி போகிறது என்று தெரிந்து வரைகிறவருக்குத்தான் கிடைக்கும். விஞ்ஞானமும் சித்திரமும் கணினியும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளைக்குத் தொழில் இல்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

இனி வேலை. படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் பிள்ளையின் கொப்பியின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கீறுகிற பிள்ளையாக இருந்தால் சித்திரத்தையும் ஐ.சி.ரி.யையும் சேர்த்து எடுக்க விடுங்கள். தொழினுட்பப் பிரிவு உள்ள பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், மூன்றாவது பாடமாகச் சித்திரத்தைத் திறக்க முடியுமா என்று ஒரு பெற்றோராவது எழுந்து கேளுங்கள். பிள்ளைகள் போதாது என்றால் அயல் பாடசாலையோடு சேர்ந்து நடத்தலாமே. பழைய மாணவர் சங்கத் தம்பிமார் இந்த வருடம் நுழைவாயில் வளைவு கட்டுவதாகப் பேசிக்கொள்கிறார்கள். நுழைவாயில் இல்லாமலும் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். அந்தக் காசில் பாவித்த மடிகணினி நான்கும், போனை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும் வாங்கினால் மூன்று பாடங்களுக்குப் பயன்படும்.

ஒலுவில் கரையில் தட்டமில்லாமல், உண்மையான கடலிலேயே படம் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரு தடியை நட்டு, அதே உயரத்திலிருந்து, ஒவ்வொரு மாதமும் ஒரு படம், அடுத்த மாரி முடியும்வரை. இரண்டு வலயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து செய்வதாக யோசனை. சனிக்கிழமைகளில் வான் தரக்கூடியவர்கள், கூட வரக்கூடிய தாய்மார், ஒலுவிலில் கரைக்குப் பக்கத்தில் வீடிருந்து தடியைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.